உருளைக்கிழங்கு வேகும் தூரம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் இருந்த அத்தனை பேரையும் அத்தனை பேரோடும் இணைத்து வைத்தவள். மறுமுனையில் ஆள் மூச்சை இழுக்கிற சத்தத்தை வைத்தே, வரப்போவது குழந்தை பிறந்த செய்தியா, பொழுது போகாத மாமியாரா என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவை, யாருமே பேசாத ஒரு அழைப்பைக் கேட்டுவிட்டு, "இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க" என்றாளாம். பண்ணிக்கொண்டார்களாம். நான்கு குழந்தைகளாம்.

அப்படிப்பட்ட காதுக்கு ஓய்வு காலத்தில் கிடைத்த வேலை சமையல். மூன்றாவது மாடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய சமையலறை. அங்கிருந்துதான் அவளுடைய பூண்டு சூப் ஐந்து மாடிகளுக்கும் போனது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், வேலை போனாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் சூப் வரும். கூடவே ஆறுதல் வார்த்தை எதுவும் வராது. "சூடா இருக்கு, ஊதிக் குடிங்க." அவ்வளவுதான். கணவர் போன மறுநாள் அவள் ஏழு கிலோ வெங்காயம் உரித்தாள். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாதே என்று. அந்த வாரம் ஐந்து மாடிகளிலும் காலை, மாலை எல்லா வேளையும் வெங்காயம்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய மோப்ப சக்தியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூ, புகை, பழைய பால், பக்கத்து வீட்டுக்காரரின் சென்ட், எல்லாம் ஒன்றுதான், அதாவது ஒன்றுமே இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் தெரிந்தன. மிச்சத்தைக் காது பார்த்துக்கொண்டது. வாணலியில் விழுந்த வெங்காயம் முதலில் ஊரைக் கூட்டும். தண்ணீர் வற்ற வற்ற குரல் இறங்கி முணுமுணுக்கும். பொன்னிறத்துக்கு வரும்போது ஒரு மௌனம், நடுநடுவே ஒரு டிக். அந்த டிக் கேட்டவுடன் இறக்க வேண்டும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சமையல் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று மகனே சொன்னான். அவன் சாதாரணமாக எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லுகிற ஜாதி இல்லை, லிஃப்ட் மெக்கானிக்.

மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே தெருவில் குழாய் பதிக்க நாலு பேர் இயந்திரம் வைத்துத் தரையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் தம்ளர்கள் வரிசையை விட்டு நடந்தன, அவளுடைய பல்லே இடம் மாறியதாக அவள் பிற்பாடு சாதித்தாள். அந்த இரைச்சலில் வெங்காயம் முணுமுணுத்ததையும் கேட்கவில்லை, டிக் என்றதையும் கேட்கவில்லை. இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளை, படிக்கட்டெல்லாம் புகையாக இருப்பதைப் பார்த்து மூச்சிரைக்க ஓடி வந்த மகன் கண்டான். வாணலியில் இருந்தது கரி. மேலே கூரை கறுத்திருந்தது.

அன்று சாயங்காலம் அவன் சாப்பாட்டு மேஜையில் அவளை உட்கார வைத்தான்.

"கண்ணை மூடும்மா."

"எதுக்கு?"

"மூடு, சொல்றேன்."

மூடினாள். மூக்குக்கு நேரே ஏதோ வந்து நின்றது.

"இது என்ன வாசனை?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அது சத்தம் போடுகிற பொருளாக இல்லை. மருமகள் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு மூச்சு மட்டும் கேட்டது. நல்ல விஷயம்தான் போலிருக்கிறது என்று துணிந்து, "எலுமிச்சம்பழம்" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். மூன்று நாள் போட்டுக் கழற்றிய மகனின் காலுறை.

பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கும் மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினாள். மகன் சிரிக்கவில்லை. "எத்தனை நாளாம்மா?" என்று கேட்டான்.

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா காஸ் கசிஞ்சா உனக்குத் தெரியாதா?"

"கசியல இல்ல? அப்புறம் என்ன?"

மறுநாள் அவன் ஒரு இரும்புப் பெட்டி கொண்டுவந்து காஸ் சிலிண்டரை அதற்குள் வைத்துப் பூட்டினான். பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை. லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க மெக்கானிக்குகளிடம் ஒரு சாவி இருக்கும். முனையில் முக்கோணமாகக் குழிந்திருக்கும். அந்தப் பூட்டு. சாவி அவன் இடுப்பு வளையத்தில்.

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"என் நல்லதை இத்தனை நாளா நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பொறுப்பு கை மாறினதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே."

"அடுப்பு மட்டும்தாம்மா வேணாம்னு சொல்றேன். உக்காரு, டிவி பாரு, தூங்கு. சாப்பாடு வீட்டுக்கே வரும்."

வந்தது. மூன்று அறை போட்ட பிளாஸ்டிக் டப்பா. முதல் அறையில் இருப்பது சாதம் என்று மூடியில் அச்சடித்திருந்தது. அச்சடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாவது அறையில் காய்கறி. மூன்றாவது அறையில் என்ன என்று போட அவர்களுக்கே தைரியம் வரவில்லை போலிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு வாய் எடுத்து, தலையைச் சாய்த்து மென்று பார்த்தாள். பல்லுக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. சத்தமே போடாத சாப்பாட்டை அவளால் நம்ப முடியவில்லை.

"பல்லெல்லாம் எடுத்தவங்களுக்கு நாங்க சிபாரிசு பண்ற சாப்பாடு இது, அத்தை" என்றாள் மருமகள்.

"எனக்கு இருபத்தேழு பல் இருக்கு. அதுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?"

சாவியைத் திருடுவது கஷ்டமில்லை. மகன் தூங்கினால் லிஃப்டே அறுந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். மருமகளே ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒப்பவில்லை. "என் அடுப்பை நானே திருடணுமா? அவன் கையாலயே திறந்து விடணும். அதுவரைக்கும் இந்த ஊர்ல இருக்கற நெருப்பெல்லாம் என்ன செத்தா போச்சு?"

அடுத்த நாள் காலை கூடையில் ஆறு முட்டையோடு தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனாள். அங்கே பேண்ட் தேய்க்க நீராவியில் சூடாகும் பெரிய தட்டு ஒன்று இருந்தது. மேல் தட்டு கீழ் தட்டின் மேல் வந்து அமுக்கும். சலவைக்காரர் யோசித்தார். போன வருஷம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பதினாறு நாள் சூப் வந்த வீடு. "பேண்ட்ல மஞ்சக்கரு ஒட்டாதுன்னா சரி, அக்கா" என்றார். வெண்ணெய் தடவிய தாளுக்கு நடுவில் முட்டையை ஊற்றி மடித்து அமுக்கினார்கள். வெளியே வந்த ஆம்லெட்டுக்கு நடுவில் கத்தி மாதிரி ஒரு மடிப்பு. அதை அப்படியே ஹேங்கரில் மாட்டி ஒரு கல்யாணத்துக்கே அனுப்பியிருக்கலாம்.

புதன்கிழமை வெல்டிங் பட்டறை. வெல்டர் கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாணலிக்கு அடியில் நெருப்பைப் பிடித்தார். பதினோரு விநாடி. வெங்காயத்துக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை டயர் கடை. பஞ்சர் ஒட்டும் சூட்டு இயந்திரத்தில் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சீஸ் வைத்து நெருக்கினார் டயர்க்காரர். எடுத்துத் தட்டிப் பார்த்து, "இந்த ரொட்டி நாப்பதாயிரம் கிலோமீட்டர் தாங்கும், அக்கா. அதுக்கப்புறம் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

தினமும் சாயங்காலம் அன்றைய சமையலை அவள் மேஜையில் அந்த மூன்று அறை டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். மருமகள் ரொட்டியை எடுத்துக் கடிப்பாள். மொறுக்கென்று ஐந்து மாடிக்கும் கேட்கும். மகன் டப்பாவைச் சாப்பிட்டுக்கொண்டு ரொட்டியைப் பார்ப்பான். சாதம் என்று நினைத்து ஒரு தடவை மூடியையே கரண்டியால் சுரண்டினான்.

வெள்ளிக்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை. "தெருவே சிரிக்குதும்மா. அம்மாவுக்குச் சோறு போடாம அலைய விடறான்னு பேசறாங்க."

"யாரு பேசறது? குரலை மட்டும் சொல்லு, ஆளை நான் சொல்றேன்."

அவன் இறங்கிப் போனான். அந்த வட்டாரத்தில் லிஃப்ட் நின்றால் அவனை விட்டால் ஆள் கிடையாது. சலவைக்காரரின் வீடு கடைக்கு மேலேயே, ஒன்பதாவது மாடியில் இருந்தது. வெல்டரின் வயதான அம்மா ஏழாவது மாடியில் இருந்தாள். அவன் யாரையும் மிரட்டவில்லை. "எங்கம்மாவுக்கு இனிமே யாரும் நெருப்பு குடுக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். சனிக்கிழமை அவள் கூடையோடு போனபோது சலவைக்காரர் துணிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வெல்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை, டீ குடிக்கும்போதுகூட.

டயர்க்காரர் மட்டும் நேரே பார்த்துப் பேசினார். "மன்னிச்சுக்கங்க, அக்கா. என்னாலயும் முடியாது. உங்க பையன் கை எட்டாத நெருப்பு இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா அது ஒரு எடத்துல நிக்காது."

"எங்க ஓடுது?"

"மலை ஊருக்கு. தினமும் காலைல எட்டரைக்கு."

அது ஒரு பழைய பஸ். இந்தப் பஸ் புதிதாக வந்தபோது பாதை போட்டிருக்கவில்லை என்றும், பஸ் போன தடத்தைப் பார்த்துத்தான் பிறகு பாதை போட்டார்கள் என்றும் சொல்வார்கள். என்ஜின் வெளியே இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே, ஒரு மாட்டுத் தொட்டி அளவு இரும்பு மூடிக்கு அடியில் கிடந்து கொதிக்கும். ஓட்டுநர் பிரேக்கை நம்பாதவர், ஹாரனை மட்டுமே நம்புகிறவர். அதனால் அவருக்கு ஹாரன் என்றே பெயர். டயர்க்காரர் சொல்லி அனுப்பியதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார். "ஏறுங்க, அக்கா. பத்து வருஷமா இதுல வேகறது என் எடது கால் மட்டும்தான். வேற எதாவதும் வேகட்டும்."

திங்கட்கிழமை காலை, மகன் வேலைக்குப் போன பிறகு, அவள் கூடையில் உருளைக்கிழங்கு, முட்டை, வெங்காயம், பூண்டு, அலுமினியத் தாள், இறுக்க மூடும் ஒரு சின்னப் பாத்திரம், நீளக் காம்புள்ள ஒரு மரக்கரண்டி எல்லாவற்றையும் அடுக்கினாள். பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "உருளைக்கிழங்கு வேகும் தூரம் போய்விட்டு வருகிறேன்."

என்ஜின் மூடியில் எண்ணெய் ஊற்ற ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் புகைக் குழாய். அதன் மேல் தாளில் சுற்றிய கிழங்குகளை அடுக்கி, பாத்திரத்தைக் கம்பி போட்டுக் கட்டிக்கொடுத்தார் ஹாரன். பஸ் கிளம்பியது. நகரத்தைத் தாண்டுவதற்குள் அவள் கணக்கைப் பிடித்துவிட்டாள்: சமவெளியில் முட்டை பதினாலு கிலோமீட்டர், இரண்டாவது கியரில் ஏற்றம் என்றால் ஒன்பதே. கிழங்கு நாற்பது. யாராவது ஆடு குறுக்கே விட்டால் நாற்பத்திரண்டு.

"இது பஸ்ஸா, ஹோட்டலா?" என்று முன் இருக்கையிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார்.

"டிக்கெட் வாங்கினீங்கல்ல? அப்ப பஸ்தான். பசிச்சா சொல்லுங்க, அப்ப பாக்கலாம்."

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் அவர் சொன்னார். முட்டையை உரித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும், தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும்கூட, ஒரே சமயத்தில் பசித்தது.

ஆனால் வெங்காயம் கைவிட்டது. பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி வெங்காயம் போட்டு, காதை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் என்ஜின்தான் கேட்டது. முணுமுணுப்பும் இல்லை, டிக்கும் இல்லை. கண்ணாடிக்காரர் மூக்கைச் சுளித்து, "ஏதோ தீயுதே, அம்மா" என்றார். அவள் மூடியைத் திறந்தாள். மறுபடியும் கரி.

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை ஏறிக்கொண்டிருந்தது. மகன் சொன்னதில் பாதி சரி என்று முதல் தடவையாகத் தோன்றியது. அது தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. கைப்பையில் போன் அடித்தது, மகன். எடுத்து, முப்பத்திரண்டு வருஷப் பழக்கக் குரலில், "நீங்கள் அழைத்த நபர் இப்போது பேச விரும்பவில்லை. சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்தப் பக்கம், "அம்மா, நீதானே அது" என்று கேட்டது அரைகுறையாக விழுந்தது.

பாதி மலையில் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. என்ஜினை அணைக்காமல் ஹாரன் இறங்கி வந்து மூடியைத் தூக்கினார். ஒரு நீண்ட திருப்புளியை எடுத்து, முனையை என்ஜினில் ஒரு இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னோர் இடம். பிறகு இன்னோர் இடம்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு வால்வு லேசா தட்டுது. எதுன்னு பாக்கறேன்."

"இந்த இரைச்சல்ல கேக்குதா?"

"இரைச்சல் வெளிய இருக்கு, அக்கா. இது கம்பி வழியா உள்ள வருது. நேரா அது பேசறது மட்டும் கேக்கும்."

எக்ஸ்சேஞ்ச் அக்கா அவரையே பார்த்தாள். கம்பி வழியாக ஒரு குரல் மட்டும் வருவதைப் பற்றி முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்தவளுக்கு ஒரு பஸ் ஓட்டுநர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பாத்திரத்தைக் கழுவி, புது வெங்காயம் நறுக்கிப் போட்டு, பாத்திர மூடியை லேசாக நகர்த்தி, அந்த இடுக்கு வழியாக மரக்கரண்டியின் அடியை உள்ளே விட்டு, காம்பைக் காதில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தினாள். அதோ, என்ஜினுக்கு அப்பால், பஸ்ஸுக்கும் மலைக்கும் அப்பால், எங்கிருந்தோ ஒரு வெளியூர் அழைப்பு மாதிரி, மெல்லிசாக வெங்காயம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இணைப்பு கிடைச்சிடுச்சு" என்றாள். அவளுடைய சிரிப்பைப் பார்த்துப் பஸ்ஸில் இருந்த ஒரு கைக்குழந்தையும் சிரித்தது.

மலை ஊர் வருவதற்குள் பூண்டு சூப் தயார். பஸ் நிலையத்தில் ஒரு தகரக் கூரையும் இரண்டு பெஞ்சும்தான் இருந்தன. அங்கே அவள் இறங்கி, கண்ணாடிக்காரருக்கும், ஹாரனுக்கும், டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்று வளைவுக்குக் கீழே வரும்போதே அவளுக்கு ஒரு பைக்கின் சத்தம் கேட்டது. சைலன்சரில் ஓட்டை, எத்தனை தடவை சொல்லியும் மாற்றாத ஓட்டை. "என் பையன் வரான்" என்றாள், தலையைத் திருப்பாமலே.

அவன் இறங்கினான். வழியில் பிடித்த மழையில் நனைந்து, சேற்றில் தோய்ந்து, உதடு நீலமாக. பேச வாயைத் திறந்தான். பல் கிட்டியதில் வார்த்தை வரவில்லை.

"திட்டறதை பஸ்ல வச்சுக்க" என்றாள். "பைக்கை மேல ஏத்து. இப்படி நடுங்கிக்கிட்டு ஓட்ட வேணாம்."

நான்கு பேர் சேர்ந்து பைக்கைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். திரும்பும் பயணத்தில் அம்மாவும் மகனும் என்ஜினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். என்ஜின் சூட்டில் அவனுடைய சட்டையிலிருந்து ஆவி கிளம்பியது. அவள் அவன் பக்கம் பார்க்காமல் புதிதாக வெங்காயமும் பூண்டும் நறுக்கிப் பாத்திரத்தில் போட்டாள்.

"காலைல மறந்துபோன திருப்புளியை எடுக்க வந்து சீட்டைப் பார்த்ததும் எப்படி இருந்துச்சு தெரியுமா உனக்கு? டயர்க்காரர்கிட்ட கேட்டுத்தான் இந்தப் பஸ்னே தெரிஞ்சுது." என்றான் அவன். "நான் என்ன உன்னைக் கொடுமையா படுத்தறேன்? போன வருஷம் ஒரு வீட்டுல காஸ் வெடிச்சு லிஃப்ட் கதவு மூணும் வளைஞ்சு கெடந்துச்சு. நான்தான் போய் அதைக் கழட்டினேன். அன்னைலேர்ந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாடிப்படியில நின்னு மோந்து பாத்துட்டுத்தாம்மா ஏறுவேன். எனக்குப் பயமா இருக்கும்மா."

அவன் நெற்றியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள்.

"எனக்கும் பயம்தான்டா. வாசனை போன அன்னைலேர்ந்து பயம். ஆனா கையைக் கட்டி உக்காந்து பயப்படச் சொல்றியே, அதுதான் என்னால முடியாது. நான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டுப் பயப்படறேன். உனக்கு அதுல என்ன நஷ்டம்?"

சொல்லிவிட்டு மரக்கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டு, காம்பைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் இறக்கத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஹாரன் அலறியது. அவள் முகம் சுருங்கியது, சரியாகக் கேட்கவில்லை. காம்பை அழுத்தினாள்.

"காதுக்குள்ள இல்லம்மா" என்றான் மகன். யோசிக்கவே இல்லை, கை தானாக நீண்டு காம்பை நகர்த்தியது. "காதுக்கு முன்னாடி இந்த எலும்புல வை. லேசா அழுத்து. இப்ப கேளு. மோட்டார் பேரிங்கே இதுலதான்…"

நிறுத்தினான்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்தாள். "சொல்லு. பேரிங்கே இதுலதான் என்ன?"

அவன் வெளியே பார்த்தான்.

"இருபது மாடி லிஃப்டை எப்படிடா பாக்கறே? உள்ள அத்தனை பேர் உசுரு தொங்குதே. மூக்கை வச்சு மோந்தா பாக்கறே?"

ஹாரன் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரித்தார். முன் இருக்கைக் கண்ணாடிக்காரர், திரும்பும் வேலை எதுவும் இல்லாமல் இதைப் பார்ப்பதற்கென்றே திரும்பி வந்தவர், "நியாயமான கேள்வி" என்றார்.

"திருப்புளி வச்சுக் கேப்பேன்" என்றான் மகன், வாய்க்குள்ளேயே.

"சத்தமா சொல்லு. காம்பு என் காதுல இருக்கு."

"திருப்புளி வச்சுக் கேப்பேன்."

"உனக்கு யாராவது பூட்டு போட்டாங்களா?"

அவள் காம்பை அவன் காதுக்கு முன்னால், அவன் காட்டிய அதே எலும்பில் வைத்தாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இப்படித்தான் தலையைச் சாய்த்து, சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, சூப் எப்போது வரும் என்று கிடப்பான். இப்போது அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"சத்தம் குறையுது" என்றான்.

"பொறு."

"நின்னுடுச்சு. இல்ல, டிக்னு ஒண்ணு."

"அதுதான். எடு. இப்ப எடுக்கலைன்னா கரி."

இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரத்தை இறக்கினார்கள். தண்ணீர், உப்பு, இரண்டு முட்டை. பதினொரு கிலோமீட்டர் கழித்து அவன் குடித்தான். முதல் வாய், இரண்டாவது வாய், பிறகு கிண்ணத்தைத் தூக்கி முகத்தையே உள்ளே விட்டான். ஒரு வாரமாக அந்த டப்பாவைச் சாப்பிட்ட மனுஷன். குறை சொல்ல முடியாது. கிண்ணத்தை வைத்துவிட்டு இடுப்பு வளையத்திலிருந்து முக்கோணச் சாவியைக் கழற்றி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பெட்டியை நீதான் வச்சே. நீதான் கழட்டணும். அந்த எடத்துல காஸ் கசிஞ்சா அடிக்கற மணி ஒண்ணு விக்குதாமே, அதை மாட்டு. எனக்கு மூக்குதான் இல்ல, காது இருக்கு. அடிச்சா ஊருக்கு முன்னாடி எனக்குத்தான் கேக்கும்."

"சரிம்மா."

"சலவைக்காரர்கிட்ட, வெல்டர்கிட்ட, டயர் கடையில, நீயே போய், எங்கம்மா எங்க வேணும்னாலும் சமைப்பாங்கன்னு சொல்லணும்."

"அடுப்புதான் திறக்கப் போறேனே, இன்னும் அங்கல்லாம் எதுக்கும்மா?"

"அது வேற, இது வேற" என்றாள் அவள். ஜன்னலில் சமவெளி விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

மணி மறுநாளே மாட்டப்பட்டது. மருமகள் சென்ட் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அது அலறியது. ஐந்து மாடியும் இறங்கி ஓடுவதும், எக்ஸ்சேஞ்ச் அக்கா மட்டும் ஓடாமல் காதைச் சாய்த்து நின்று, "போங்க, போங்க, மல்லிகை சென்ட்தான்" என்று மேலேயிருந்து சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இரும்புப் பெட்டி வீணாகவில்லை. மிச்சமிருந்த மூன்று அறை டப்பாக்களை அதற்குள் அடுக்கி, அவளே பூட்டினாள்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை காலையில் வீட்டில் அடுப்பு எரியாது. பிரிட்ஜ் கதவில் சீட்டு இருக்கும். முதல் வாரம் நாற்பது கிலோமீட்டர் என்று இருந்தது. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றாறு. இந்த வாரம் அவள் ஒரு முழுக் கோழி வாங்கியிருக்கிறாள் என்று கேள்வி. எங்கே போகப் போகிறாள் என்று மகன் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.